பழைய சர்ஃப்போர்டு உடைந்து கிடக்கிறது: வீட்டிலேயே சரி செய்யலாமா?

கேள்வி (திருநகரிலிருந்து ஒருவர், 6 ஏப்ரல் 2024)
புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு ஒரு சர்ஃப்போர்டு வாங்கி வந்தேன். ஒன்பதடிக்கு மேல் நீளம், பழுப்பேறி இருக்கிறது. வால் பக்கம் உடைந்து உள்ளே நுரை தெரிகிறது. மேல்பக்கம் ஓரிடத்தில் கையை வைத்தால் அமுங்குகிறது. ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஒருவரிடம் காட்டினேன். "முழுசா மேட் போட்டு மூடிருவோம் சார், புதுசாயிரும்" என்கிறார். மூடலாமா? இல்லை வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

6 ஏப்ரல், இரவு
மூடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

சரி, காரணம். அந்த நீளப் பலகையின் இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரைச் சதுர மீட்டர் வரும். தொட்டிக்காரர்கள் போடுவது சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், அதாவது கண்ணாடி இழைப் பாய். மேட்டே ஒரு கிலோவுக்கு மேல் ஆகிவிடும், அது குடிக்கும் ரெசின், அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசின், அதைப் போல் இரண்டரை மடங்கு. நாலு கிலோ ஏறிவிடும். உள்ளே தங்கிய ஈரம் உள்ளேயே கிடக்கும். புதுசாகத்தான் இருக்கும், தண்ணீர்த் தொட்டி புதுசாக இருப்பது போல.

இதில் எனக்கென்ன அக்கறை என்றால், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அப்பா 1970களில் கொடைக்கானலில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் "வைத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டுப் போனது. மலை மேல் அவருக்கு சர்ஃப்போர்டு எதற்கு என்று அப்பாவும் கேட்கவில்லையாம். வத்தலக்குண்டு வழியாக பஸ் கூரையில் மதுரை வந்தது. பத்து வருடம் பரணில் கிடந்தது. பிறகு அம்மா அதை மொட்டை மாடிக்கு ஏற்றி, இரண்டு டிரம் மேல் கிடத்தி, வேட்டி விரித்து, கோடைதோறும் கூழ்வத்தல் காயப் போட்டார். நாய் எட்டாது, எறும்பு ஏறாது. காக்காய்க்கு மட்டும் ஒரு கறுப்புக் குடை.

எதற்கும் உதவாமல் கிடந்த பொருள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் நானும் என்னுடையதை இறக்கிவிட்டேன். சேர்ந்து செய்வோம். எனக்கும் இது முதல் தடவை.

7 ஏப்ரல்
முதலில் உள்ளே என்ன நுரை என்று பாருங்கள். உடைந்த இடத்திலிருந்து கடுகளவு கிள்ளி, மூடியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அதில் போடுங்கள். கரைந்து ஒட்டும் பசையாக ஆனால் தெர்மாகோல். அப்படியே கிடந்தால் பாலியூரித்தேன். இது முக்கியம். தொட்டிக்கும் படகுக்கும் போடும் பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற கரைப்பான் இருக்கிறது. அது தெர்மாகோலைத் தின்றுவிடும், பள்ளத்தை அடைக்கப் போய்க் கிணறு தோண்டியது போல ஆகிவிடும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின் மட்டும்தான். பாலியூரித்தேனுக்கு இரண்டும் ஆகும். ஆனால் ஒரு தடவை எபாக்ஸி போட்ட இடத்தின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

என்னுடையது கரையவில்லை.

7 ஏப்ரல், சற்று நேரம் கழித்து
தெர்மாகோல் என்று எழுதிய பத்தாவது நிமிடம் இங்கே கருத்து எழுதும் மூன்று பேர் வைகை அணையைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2017 ஏப்ரலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டதும், காற்று அவற்றைக் கரைக்கு அடித்துவந்ததும் மதுரைக்காரனுக்குச் செத்தாலும் மறக்காது, தெரியும். "அதில் ஏறி நின்றிருந்தால் நம்ம ஊரிலும் சர்ஃபிங் வந்திருக்கும்" என்று எழுதியவருக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன். இனி விஷயத்துக்கு வருவோம்.

9 ஏப்ரல்
மெழுகு எடுப்பது எளிது. பலகையின் மேல் அழுக்கேறிய பிசுக்கு இருந்தால் அது சர்ஃப் மெழுகு, கால் வழுக்காமல் இருக்கப் பூசியது. கால் மணி நேரம் வெயிலில் வைத்து, பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். என்னுடையதில் மெழுகு கொஞ்சம், அரிசிக்கூழ் அதிகம்.

அடுத்தது ஈரம். மீன் கடைக்காரரிடம் தொங்கு தராசு இரவல் வாங்கி, கொடிக்கம்பியில் மாட்டி நிறுத்தேன். 16.9 கிலோ. உடைந்த வால் வழியாக எத்தனை வருட மழை உள்ளே போயிருக்கிறதோ. ஒட்டாமல் தொங்கும் கண்ணாடி இழையை வெட்டி எடுத்து, உடைந்த பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து வைத்து, மதுரை வெயிலில் மூன்று நாள் விட்டால் காய்ந்துவிடும்.

10 ஏப்ரல்
மேலே எழுதிய கடைசி வரியைச் செய்யாதீர்கள். செய்துவிட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் நடுவில் தோசைக்கல் அளவுக்கு மேல்தோல் உப்பி நிற்கிறது. உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து, கண்ணாடித் தோலை நுரையிலிருந்து தள்ளிப் பெயர்த்துவிட்டன. நாற்பது வருடம் வத்தல் வெயிலில் தாங்கியது இப்போது ஏன் பெயர்ந்தது என்று யோசித்தேன். அப்போது மேலே ஈர வேட்டியும் கூழும் இருந்தன. அம்மாவின் ஏற்பாடு என்னுடையதைவிட மேல்.

நிழலில் வையுங்கள். காற்றோட்டமான இடம், மின்விசிறி, பொறுமை.

திருநகர்க்காரர் தன் பலகையில் அமுங்கும் இடம் என்றாரே, அதுவும் இதே வியாதிதான். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போல ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்றால் ஒட்டியிருக்கிறது, 'தொப்' என்றால் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த எல்லையைப் பென்சிலால் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

14 ஏப்ரல்
சித்திரை முதல் நாள், வேலை இல்லை. வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டவருக்கு மட்டும்.

1950களின் கடைசி வரை நல்ல பலகை என்றால் பால்சா மரம். அதன் பிறகு கலிபோர்னியாவில் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1960களின் பலகைகள் ஒன்பதடி, பத்தடி, நடுவில் மரச்சட்டம், வாலின் அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒற்றைத் துடுப்பு. 1960களின் இறுதியில் எல்லோரும் குட்டைப் பலகைக்குத் தாவினார்கள். காலில் கட்டும் கயிறு 1970களில்தான் பரவியது. மூன்று துடுப்பு 1980களின் ஆரம்பத்தில் ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் வைத்த பிறகு. ஆகவே கயிறு மாட்ட இடமில்லாமல், ஒரே துடுப்பைக் கண்ணாடி இழையோடு சேர்த்தே ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அறுபதுகளின் சரக்கு. விளிம்பில் துணி ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடம் லேசாகப் பச்சையடித்தால் அது வோலான் என்ற பூச்சு கண்ட துணி, அக்காலத்து அடையாளம்.

என்னுடையதில் பச்சை தெரிகிறது. ஆனால் இரண்டு பச்சை இருக்கிறது. அது பெரிய கதை, பிறகு.

16 ஏப்ரல்
ரெசின். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் என் மச்சான் முறை ஒருவர் இருக்கிறார், ஃபைபர் வள்ளம் பழுது பார்ப்பதுதான் தொழில். தொலைபேசியில் கேட்டேன். நான் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவர் கேட்டது:

"மாப்ளே, கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே பையிலயா வாங்கிட்டு வந்தே?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் ரெசின், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட், இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் என மூன்றாகக் கொடுப்பார்கள். சில இடங்களில் கோபால்ட்டை ரெசினிலேயே கலந்து தருவதும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தனியாக இருந்தால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டும் நேராக ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே ஸ்பூன், ஒரே சிரிஞ்சு கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

மச்சான் சொன்ன இன்னொன்று: "படகுக்குப் போடுற மேட்டு வேணாம். நெஞ்ச துணி வாங்கு." அதாவது நெய்த கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம். சர்ஃப் உலகம் ஆறு அவுன்ஸ் என்று சொல்வதும் இதைத்தான்.

20 ஏப்ரல்
புகை.

200 கிராம் ரெசினுக்கு இரண்டு சதவீதம் என்று எங்கோ படித்ததை நம்பி 4 கிராம் கேட்டலிஸ்ட் விட்டேன். இரண்டு சதவீதம் குளிர்ந்த ஊருக்கு. சித்திரை மாதத்து மதுரைக்கு ஒன்றே அதிகம். துணியை வெட்டி எடுத்து வருவதற்குள் டம்ளரில் அல்வா பதம், அடுத்த நிமிடம் டம்ளர் வளைந்து புகை. மொத்தமாக ஒரே பாத்திரத்தில் இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் சீக்கிரம் இறுகும். வாளித் தண்ணீரில் தூக்கிப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மாடி ஏறி வந்து, "தம்பி, என்னத்தக் கருக்குறீங்க?" என்றார்.

இப்போது 60 கிராம், அரை கிராமுக்குச் சற்று மேல் கேட்டலிஸ்ட், காலை ஆறு மணி. தேநீர்க்கடை நுரைக் கப்பில் கலக்கலாமே என்று கேட்டவரே, அதுவும் தெர்மாகோல்தான். கப் அடி கழன்று உங்கள் காலில் ஊற்றும். தகர டப்பா நல்லது.

23 ஏப்ரல்
அழகர் ஆற்றில் இறங்கிய நாள். நேற்றிரவிலிருந்து கோரிப்பாளையம் பக்கம் நகர முடியவில்லை. பலகை நிழலில் காய்கிறது. 15.2 கிலோ.

28 ஏப்ரல்
14.6. இரண்டு நாளாக அசையவில்லை. காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த இரண்டாவது பச்சை. 1990களில் ஒரு நாள் டிரம் சரிந்து பலகையின் இடது விளிம்பு நசுங்கியது. அப்பா நாலைந்து எம்சீல் பாக்கெட்டைப் பிசைந்து அடைத்து, வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை எனாமலை அதன் மேல் பூசிவிட்டார். ஒரு சாண் நீளம். பார்க்கச் சகிக்காது.

பழைய ஒட்டுகளை எல்லாம் பெயர்த்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று இங்கே ஒருவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன். அதன்படி இன்று 80 நம்பர் உப்புத்தாளை எடுத்து ஆரம்பித்தேன். எம்சீல் மேல் குற்றமில்லை, அது குழாய்க்கும் தொட்டிக்கும் ஆனது. கல் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நுரையும் பழைய தோலும் மெத்தென்று இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க எம்சீல் அப்படியே நிற்க, அதைச் சுற்றி வாய்க்கால் விழுகிறது. அறுபது வருடத்து வோலான் துணியை இரண்டு அங்குலத்துக்குத் தேய்த்தே தீர்த்துவிட்டேன். நிறுத்திவிட்டேன்.

பச்சை எனாமல் உரிந்த இடத்தில், எம்சீலில் அழுத்தி வழித்த விரல் தடங்கள் வரிசையாக நாலு.

2 மே
நான்கு நாளாக இதைத் தொடவில்லை. வாதம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, படித்தேன்.

ஒரு கட்சி: பழைய பொருளில் கை வைக்கவே கூடாது, மஞ்சள், கறை, கீறல் எல்லாம் அதன் வரலாறு. மறு கட்சி: மிதக்காத பலகைக்கு வரலாறு எதற்கு. நான் முதல் நாள் 'மூடாதீர்கள்' என்று ஆவேசமாகச் சொன்னபோது முதல் கட்சியில் இருந்தேன். உப்புத்தாளை எடுத்தபோது இரண்டாவதில் இருந்திருக்கிறேன் போல.

நேற்று ஒரு வேலையாக மஹால் பக்கம் போனேன். திருமலை நாயக்கர் 1636 வாக்கில் கட்டியது, இன்று நிற்பது அதில் கால்வாசிதான் என்பார்கள். அந்தக் கால்வாசியும் நிற்பதற்குக் காரணம் 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்தது. இன்று தூண்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் யாரும் இது நாயக்கர் சுண்ணாம்பா நேப்பியர் சுண்ணாம்பா என்று கேட்பதில்லை. ஆனால் கோயில் கல்தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்களே, அங்கே சிற்பத்தின் மூக்கும் நகமும் மழுங்கிப் போனது. ஒன்று விழாமல் தாங்கியது, இன்னொன்று பளிச்சென்று ஆக்கியது. நான் 28ஆம் தேதி செய்தது இரண்டாவது வகை.

எம்சீல் ஒட்டு அசைகிறதா என்று தட்டிப் பார்த்தேன். 'டக்'. சுற்றிலும் ஊசி நுழைய இடமில்லை. அப்படியானால் அதைப் பெயர்க்க எனக்கு இருந்த ஒரே காரணம் அழகு. விட்டுவிடுகிறேன். நான் தோண்டிய வாய்க்காலை மட்டும் அடைக்க வேண்டும். தனியாகச் சொன்னேனே, அந்த நண்பரிடம் இங்கேயே திருத்திக்கொள்கிறேன்: தண்ணீர் புகாத பழைய ஒட்டைப் பெயர்க்காதீர்கள்.

11 மே
வால் முடிந்தது. முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழியை ரெசினும் பவுடரும் குழைத்துப் பட்டி பார்ப்பது போல அடைத்தேன், ஆழமான இடத்துக்கு நுரைத்துண்டு வைத்து. ஒரே தடவையில் நிரப்பினால் உள்ளே சூடேறி நுரை கருகும், மூன்று தடவையாகச் செய்தேன். சுற்றிலும் இரண்டு அங்குலம் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சிறிய துணி ஒன்று, அதை மூடும்படி பெரிய துணி ஒன்று. பிரஷ்ஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும், வெள்ளை மறைந்து துணி கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை.

மறுநாளும் மேலே பிசுபிசுப்பு. கெட்டுப்போன ரெசின் என்று கடைக்காரரைத் திட்டப் போனேன். மச்சான் தடுத்தார். காற்றுப் பட்டால் மேல்பரப்பு முழுதாக இறுகாது, அதுதான் இந்த ரெசினின் குணம். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்ப்பது அதனால்தான், மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்கும். என்னிடம் அது இல்லை. ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட் என்ற வழவழப்பான பிளாஸ்டிக் தாள் வாங்கி, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேலே ஒட்டிக் குமிழ் இல்லாமல் தடவிவிட்டேன். காலையில் உரித்தால் கண்ணாடி.

தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை. அரிப்பு வந்தால் வெந்நீரில் குளிக்காதீர்கள், பச்சைத் தண்ணீர். நான் லுங்கியோடு உட்கார்ந்து தேய்த்தேன், மேலும் விவரம் கேட்க வேண்டாம்.

19 மே
நாலு நாளாக மழை, வேலை இல்லை. முன்பு செய்ததை எழுதுகிறேன். உப்பிய இடத்தின் இரண்டு ஓரத்தில் சின்னத் துளை, ஒன்றில் சிரிஞ்சு வழியாக ரெசின், மற்றதில் காற்று வெளியேற. அதன் மேல் பிளாஸ்டிக் தாள், பாரம். முதலில் அம்மிக்குழவி வைத்தேன், உருண்டு விழுந்து தரைக்கல் விரிசல் விட்டது. மணல் பைதான் வளைவுக்கு உட்காரும். இப்போது 'டக்', ஓர் ஓரத்தில் மட்டும் அரை மனதோடு.

புது ஒட்டு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே, டீ நிறம் கலக்கலாமா என்று திருநகர்க்காரர் கேட்கிறார். கலக்கலாம், பழுப்பு நிறமி ஊசி முனையளவு போதும். நான் கலக்கவில்லை. எது யார் ஒட்டியது என்று தெரியட்டும்.

9 ஜூன்
மண்டபம். பலகையை மினி வேனில் கட்டிக்கொண்டு போனோம். பரமக்குடி டீக்கடையில் ஒருவர், "சாமி தூக்குற பலகையாண்ணே?" என்றார்.

தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலையடிக்கும், பாக் விரிகுடாப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். மச்சான் என்னை நேரே குளத்துப் பக்கம் கூட்டிப் போய்விட்டார். எனக்கு நீச்சலே அரைகுறை. குப்புறப் படுத்துக் கையால் தள்ளிக்கொண்டு முப்பது அடி போனேன். மச்சானின் பையன், ஏழாவது படிக்கிறான், ஏறி நின்று கம்பு ஊன்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவனைப் பொறுத்தவரை அது இன்னொரு தெப்பம். திரும்பக் கொண்டுவரவே அரை மணி நேரம் ஆனது.

அறுபது வருடப் பலகை, எனக்குத் தெரிந்து கடலைப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

11 ஜூன்
போகும் முன் 15.1 கிலோ. கழுவித் துடைத்து இரண்டு நாள் கழித்து இன்று நிறுத்தேன், 15.4. முந்நூறு கிராம் கடல் உள்ளே இருக்கிறது.

சைக்கிள் கடை முறைதான். காலை நிழலில் இருந்த பலகையை வெயிலுக்கு எடுத்து, ஒட்டுகள் மேல் சோப்புத் தண்ணீர் தடவி உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே காற்று சூடாகி விரிந்தால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஏப்ரல் 10 நினைவிருக்கட்டும்.

எம்சீல் ஒட்டில் ஒரு குமிழ்கூட இல்லை. வாலில், நான் ஓஎச்பி ஷீட் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிய இடத்தின் ஓரத்தில், கடுகு கடுகாக ஏழெட்டு.

வெட்டித் திறந்து, வால் கீழாக நிழலில் சாய்த்துவிட்டேன். நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, மறுபடி காய வைத்து, மறுபடி 80 நம்பர். தராசை மீன் கடைக்காரர் கேட்டு அனுப்பியிருக்கிறார், இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.